பதினைந்து பீப்பாய் வேகம்

பீகோஸ், டெக்சஸ்
மார்ச் 4, 2013

அன்புள்ள எஃப்ரெயின்,

ஹூஸ்டன் ஆபீசில் ஏசிக்குக் கீழே போய் உட்கார்ந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. ஒரு வரி எழுத உனக்கு மனசு வரவில்லையே! சரி, நானே எழுதித் தொலைக்கிறேன். கிணற்றுக் குழாயில் ஓட்டை போடுகிற துப்பாக்கிக்குள் பையன்கள் வெடி பூட்டுகிற நேரம் இது. சிக்னல் பட்டு வெடித்துவிடாமலிருக்க எல்லார் செல்போனும் வாளிக்குள் போயாகிவிட்டது, வண்டியில் பேனா மட்டும்தான் மிச்சம்.

இங்கே எதுவும் மாறவில்லை. நீ பெரிய மனிதனாகிவிட்டதால் மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். எண்ணெய்க் கிணறு இரண்டு மைல் நேராக இறங்கி, அப்புறம் படுத்துக்கொள்கிறது. படுத்த குழாயில் துப்பாக்கி தானாக இறங்காது, தண்ணீர் அடித்துத்தான் தள்ளவேண்டும். துப்பாக்கி தொங்குகிற கம்பியை வண்டியிலிருந்து நான் விடுகிறேன், தண்ணீரைப் பம்புக்காரி ரோண்டா அடிக்கிறாள். வெடித்துக் குழாயில் ஓட்டை போட்டுவிட்டு வெளியே வருகிறோம். பம்புக்காரர்கள் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் அடித்துப் பாறையைப் பிளக்கிறார்கள். திரும்பவும் முதலிலிருந்து. ஒரு கிணற்றுக்கு நாற்பது தடவை.

ஒரு நாளைக்கு ஆறுதான் முடிகிறது. கிணற்றுக்காரர்களின் ஆள் நேற்று வண்டி வாசலில் வந்து நின்றுகொண்டு, "என்ன டாயில், உன் ஒத்தைக் கம்பிக்காக இருபது பம்பு சும்மா நிக்குதே!" என்றான். "பம்புதானே நிக்குது, உன் காலு எதுக்கு நிக்குது? உள்ள வந்து உக்காரு" என்றேன். சிரிக்கவில்லை. ஏழு வேண்டுமாம், இல்லையென்றால் வேறு கம்பெனியாம். நேரத்தை மிச்சம் பிடிப்பதுதானே உன் உத்தியோகம்? ஏதாவது சொல்லேன்.

அன்புடன்,
டாயில்


ஹூஸ்டன்
மார்ச் 15, 2013

என் அருமை டாயில்,

திட்டு, திட்டு. எட்டு வருஷம் ஒரே வண்டியில் உன் திட்டை வாங்கியவன், அது இல்லாமல் சோறு இறங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் நிமிஷத்துக்குப் பத்து பீப்பாய் தண்ணீர் அடித்து இறக்குகிறீர்கள். பதினைந்தாக்கு. ஒரு தடவைக்குப் பதினோரு நிமிஷம் மிச்சம். கம்பி தாங்கும்.

மேலே இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வெறும் பேச்சாகப் போனால் துரத்திவிடுவார்கள். நீ இரண்டு தடவை சத்தமில்லாமல் செய்து பார்த்து, நேரத்தைக் குறித்து அனுப்பு. ஜூனுக்குள் எதையாவது காட்டவில்லை என்றால் இந்த மேசை எனக்கில்லை. இதை உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும்.

உன்
எஃப்ரெயின்


பீகோஸ்
ஏப்ரல் 2, 2013

அன்புள்ள எஃப்ரெயின்,

இரண்டு என்றாய், பதினான்கு தடவை ஆகிவிட்டது. நேரமெல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நேற்று ஏழு அடித்தோம்! "டாயில், உன் வண்டிக்கு றெக்கை மொளைச்சிருக்கா?" என்று கேட்டாள் ரோண்டா. கிணற்றுக்காரனின் ஆள் வண்டிக்கே முட்டை வைத்துச் சுருட்டிய பரிட்டோ ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தான் என்றால் பார்த்துக்கொள். பையன்கள் பொழுதோடு முகாமுக்குப் போய்த் தூங்குகிறார்கள். உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது, போ.

ஒரே ஒரு விஷயம். வேண்டிய ஆழம் வந்ததும் ரேடியோவில் ரோண்டாவிடம் "நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே கம்பிச் சுருளின் பிரேக்கையும் போட்டுவிடுகிறேன். நாம் எல்லோருமே அப்படித்தானே செய்கிறோம். பத்து பீப்பாயில் அதனால் ஒன்றும் ஆகாது. பதினைந்தில், பம்பு அடங்குவதற்குள் தண்ணீர் துப்பாக்கியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, கம்பி முனகுகிறது. இதைக் கொஞ்சம் யோசித்துச் சொல்.

அன்புடன்,
டாயில்


ஹூஸ்டன்
ஏப்ரல் 9, 2013

டாயில், என் தங்கமே!

உன் கணக்கை நேற்றே பெரியவர்களிடம் காட்டினேன். எல்லாரும் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். அடுத்த மாதம் எல்லா வண்டிக்கும் இதையே விதியாக்கப் போகிறார்கள். அதுவரை நீ நிறுத்தாதே.

கம்பி முனகினால் முனகட்டும். நீயும்தான் இருபது வருஷமாக முனகுகிறாய், அறுந்தா போய்விட்டாய்?

உன்
எஃப்ரெயின்


பீகோஸ்
ஏப்ரல் 21, 2013

எஃப்ரெயின்,

வியாழக்கிழமை கம்பி அறுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. துப்பாக்கி முழுதும் கிணற்றுக்குள். மூன்று நாளாகியும் வெளியே எடுக்க முடியவில்லை. பம்பெல்லாம் வரிசையாக நிற்கிறது. கிணற்றுக்காரனின் ஆள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

நான் பிரேக் போட்டேன், தண்ணீர் நிற்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மே ஆறாம் தேதி விசாரணை. விதி வருவதற்கு முன்பே பதினைந்து அடித்தது என் இஷ்டத்துக்குச் செய்தது என்கிறார்கள். நீ சொல்லித்தான் செய்தேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு, போதும். தப்பில் என் பங்கை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஐம்பத்துநாலு வயதில் வெளியே அனுப்பினால் எந்த வண்டி என்னை ஏற்றும்? பயமாக இருக்கிறது எஃப்ரெயின். இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

டாயில்


ஹூஸ்டன்
ஏப்ரல் 30, 2013

பெறுநர்: திரு. டாயில் பிளெட்சோ

ஐயா,

தங்களின் ஏப்ரல் 21ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் குறிப்பிடும் இறக்கும் வேகத்துக்கு இவ்வலுவலகம் எந்த அனுமதியும் வழங்கவில்லை. தாங்கள் அனுப்பிய நேரக் குறிப்புகள் நடைமுறையில் உள்ள வேகத்தில் பெறப்பட்டவை என்ற புரிதலிலேயே ஏற்கப்பட்டன. விசாரணை முடியும்வரை இது தொடர்பாக என்னை நேரடியாகத் தொடர்புகொள்வதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எஃப்ரெயின் லூகோ
செயல்திறன் மேம்பாட்டுப் பிரிவு


பீகோஸ்
மே 8, 2013

எஃப்ரெயின்,

விசாரணை முடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வேகத்தைக் கூட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார்கள். உன் மார்ச் மாதக் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. "பிரேக் என் கையில இருந்துது" என்றேன். அதுவும் உண்மைதானே. பத்து நிமிஷத்தில் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

உன்மேல் பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. அது முப்பதாம் தேதியோடு போய்விட்டது. அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தால் உன்னையும் அனுப்பியிருப்பார்கள், அந்த வேகத்தையும் குப்பையில் போட்டிருப்பார்கள். நல்ல வேகம் அது. ஆளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூக்கம் கொடுத்தது. எப்படியும் வேறு பெயர் வைத்து அடுத்த வருஷம் கொண்டுவருவீர்கள், எனக்குத் தெரியும். அப்போது என் இருக்கையில் இருப்பவனும் "நிறுத்து" என்று சொல்லிக்கொண்டேதான் பிரேக் போடுவான்.

அதனால் இதை எழுதிக்கொள். ஆழத்துக்கு இருநூறு அடி இருக்கும்போதே பம்பைக் குறைக்கச் சொல்லவேண்டும். பம்பு நின்றதும் அங்கே இருப்பவர் "நின்னாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகுதான் பிரேக்கில் கை வைக்கவேண்டும். மூன்று நிமிஷம் கூடுதலாகும். மிச்சம் எட்டு நிமிஷம் உங்களுக்கு.

என் பெயரைப் போடவேண்டாம். பதிலும் எழுதவேண்டாம்.

டாயில் பிளெட்சோ