ஐந்தாம் ஆள்

ஹாக்ஸ்வெல், பிப்ரவரி 3, 1665

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை தாமசின் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். பார்லிமெண்டுக்குப் போனதிலிருந்து நான் அனுப்பும் பாலாடைக்கட்டி மட்டும்தான் உங்கள் நினைவில் இருக்கிறது போலும்!

நீங்களெல்லாம் கைதூக்கி நிறைவேற்றிய சட்டம் எங்கள் கழுத்தைப் பிடிக்கிறது. ராஜாவின் திருச்சபைக்கு வெளியே, வீட்டாரோடு வெளியார் நால்வர்வரை கூடி ஜெபிக்கலாம். ஐந்தாவது ஆள் வந்தால் குற்றம். ஏற்கெனவே இருமுறை மாட்டிக்கொண்டோம். மூன்றாம் முறை என்றால் இவருக்கும் எனக்கும் பார்படோஸுக்கு நாடுகடத்தும் கப்பல்தான். அதனால் வாசலில் நின்று தலை எண்ணித்தான் உள்ளே விடுகிறோம். போன வாரம் ஆக்னஸ் அம்மாளை இவர், "கோவிச்சுக்காதீங்கம்மா, நாலு பேர் ஆயிடுச்சு" என்று திருப்பி அனுப்பிவிட்டு, ஜெபத்தின் நடுவே அழுதார்.

ஒருமுறை நீங்களே வந்து பாருங்கள் அண்ணா. ராஜாவுக்கு எதிராக ஒரு சொல் கிடையாது.

அன்புத் தங்கை,
தாமசின்

வின்டர்பர்ன் மாளிகை, பிப்ரவரி 9

என் செல்லத் தங்கைக்கு,

கோபிக்காதே. இங்கே என் பாடும் பெரும்பாடுதான். என்னோடு மாஜிஸ்திரேட்டாக இருக்கும் அந்த ராட்ச்லி எல்லார் முன்னாலும், "தங்கச்சி வீட்டையே அடக்கத் தெரியல, உமக்கெல்லாம் எதுக்கய்யா மாஜிஸ்திரேட் வேலை?" என்று கேட்டுவிட்டான். எனக்கு முகமே செத்துவிட்டது.

வரும் ஞாயிறு வருகிறேன். எத்தனை மணிக்கு, யார் யார் என்று எழுது. ஓட்ஸ் ரொட்டி சுட்டு வை.

அண்ணன்,
ஜெர்வாஸ்

ஹாக்ஸ்வெல், பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

பத்து மணிக்கு. நெசவாளர் இருவர், ஆலைக்காரர், ஆக்னஸ் அம்மாள். அதோடு கதவைச் சாத்திவிடுவோம். "உங்க அண்ணனையும் எண்ணணுமே" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூடப் பிறந்தவரை வெளியாள்னு எண்ணுவாங்களா?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

தாமசின்

வின்டர்பர்ன் மாளிகை, பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

உன் மனம் நொந்திருக்கும். எனக்கு வேறு வழி இல்லை. கூட்டத்தில் இருந்தவன் என்று எனக்கும் அபராதம் விதித்துக்கொண்டு கட்டிவிட்டேன். ராட்ச்லி இப்போது வாய் திறப்பதில்லை. உன் கணவன் நெகேமியாவைக் காப்பாற்ற முடியாது. உன் பெயரை மட்டும் குற்றவாளிகள் பட்டியலில் சேர்க்காமல் பார்த்துக்கொண்டேன். இங்கே வந்துவிடு. உன் பழைய அறையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஜெர்வாஸ்

ஹாக்ஸ்வெல், மார்ச் 1

சர் ஜெர்வாஸ் வின்டர்பர்ன் அவர்களுக்கு,

அன்று கான்ஸ்டபிள் வாசலில், "நாலு பேர்தானே ஐயா இருக்காங்க" என்று தயங்கியபோது எனக்கு உயிர் வந்தது. நீங்கள் கையில் ரொட்டியோடு, "என்னையும் சேர்த்து எண்ணுய்யா. நான் இந்த வீட்டு ஆள் இல்ல" என்றீர்கள். இவர் என்னைத்தான் பார்த்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் எனக்குத் துரோகம் செய்தீர்கள். உங்களை நம்பி, நான் இவருக்குச் செய்தேன்.

அறையைப் பூட்டிவிடுங்கள். நேற்று நீதிமன்றத்துக்குப் போனேன். பட்டியலில் நீங்கள் விட்டுவைத்த என் பெயரை நானே சொல்லி எழுதவைத்தேன். கப்பல் ஏப்ரலில்.

நெகேமியாவின் மனைவி,
தாமசின்