ஜூன் இரண்டாம் தேதி

பிள்ளைப்பாக்கம்,
3.5.2026, ஞாயிறு.

அன்பு மகள் கலைமதிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். பன்னிரண்டு நாளாக என் போனை நீ எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டால் கேட்காமலே அழித்துவிடுவாய். கூரியரில் வந்த கவரைப் பிரிக்காமல் எறிகிற அளவுக்கு உனக்குக் கல்நெஞ்சு இல்லை என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

நாளைக்குக் கத்திரி ஆரம்பம். இப்போதே வெளியே தலை காட்ட முடியவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் மத்தியானம் சவாரி ஏறுவதில்லை என்று அப்பா ஷேர் ஆட்டோவைக் காலையிலும் சாயங்காலமும் மட்டும் ஓட்டுகிறார். எங்கள் வயர் கம்பெனியில் என்னை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். கார் கதவுக்குள் போகிற வயருக்கு டேப் சுற்றும் வேலை. வியாழக்கிழமை மூன்று செட்டைத் தப்பாகச் சுற்றி, என் வயதில் பாதிகூட இல்லாத சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கை வேலையில் இருந்தது, மனசு அங்கே இல்லை.

சுற்றி வளைத்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். கேம்ப்பிலிருந்து உன் சிநேகிதி ரஞ்சனி போன் செய்தாள். பதினெட்டு வயதுக்குட்பட்ட இந்திய ரக்பி அணிக்குப் பன்னிரண்டு பேர் பட்டியல் போட்டுவிட்டார்கள், அதில் அவள் பெயர் இருக்கிறது, உன் பெயர் இல்லை என்றாள். தனக்கு இடம் கிடைத்ததைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள், பாவம். உன்னை வீட்டுக்கு அனுப்பாமல், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க எதிரணியில் ஆட வைத்திருக்கிறார்களாம். வட நாட்டுப் பெண்கள் உன்னை 'தீதி, தீதி' என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்களாம். அக்கா என்று மரியாதைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். வயதைக் குறைத்துச் சொன்னவள் என்ற நக்கல் அது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் கையால் எழுதினால்தான் அது ஒப்புக்கொண்டதாகும்.

நீ பிறந்தது 2008, ஜனவரி இருபத்திரண்டு. குன்றத்தூர் ஆஸ்பத்திரியில், விடியற்காலை. 2012-இல் வயர் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். வேன் காலை ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும். உன்னை எங்கே விடுவது? அப்போது நாம் வாடகைக்கு இருந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். நாலு வயது நாலு மாதம்தான், ஐந்து முடியவேண்டும் என்றார்கள். ஹெட்மாஸ்டர் இரக்கப்பட்டு, 'இன்னாமா இப்போ, ஜூன் மாசம் ஒரு தேதி போட்டுக்கினா ஆச்சு, பொண்ணுக்கும் படிப்பு ஜல்தியா முடியும்' என்றார். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள். 2007, ஜூன் இரண்டு என்று போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார். உனக்கு ஏழரை மாதம் வயதைக் கூட்டிவிட்டு நான் வேன் ஏறிவிட்டேன். பென்சில் பிடிக்கத் தெரியாமல் நீ முதல் வாரம் முழுக்க அழுதாயாம். பிறகு பள்ளிக்கூடத்தில் ஜூனில் ஒருமுறை சாக்லேட், வீட்டில் தை மாதம் ஒருமுறை கேசரி என்று இரண்டு பிறந்தநாள் கொண்டாடினாய். அதை ஒரு வேடிக்கையாகவே வளர்த்துவிட்டோம். ஆதார், பத்தாவது மார்க் ஷீட், பாஸ்போர்ட் எல்லாம் அந்த ஜூன் தேதியிலேயே வந்தன.

நீ ரக்பி ஆடப் போனபோது எனக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். முன்னால் ஓட வேண்டும், பந்தைப் பின்னால்தான் போட வேண்டும், இது என்ன விளையாட்டு என்று கேலி செய்தேன். அப்புறம் பீரோ கதவின் உள்பக்கம் நீ ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வைத்த கணக்கைப் பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. நம் சின்னப் பெண்கள் அணி வெளிநாடு போய் எந்த நாட்டோடு ஆடியது, யாரிடம் எத்தனை பாயிண்டில் தோற்றது, எல்லாம் வரிசையாக இருக்கும். நாலு ஜெயிப்பு, ஒன்பது தோல்வி. சீனாவிடம் ஒரு பாயிண்டுகூட எடுக்காமல் தோற்றதைச் சிவப்பில் எழுதியிருந்தாய். 'ஐந்தாவது ஜெயிப்பு நான் ஆடும்போது வரும்' என்று சொன்னாய். நான் உள்ளுக்குள் நம்பினேன்.

கேம்ப் ஃபாரத்தில் நீ உண்மையான தேதியை எழுதினாய். பாஸ்போர்ட்டில் வேறு தேதி. இந்த வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி பதினெட்டு முடியாதவர்கள்தான் ஆடலாமாம். உண்மைத் தேதிப்படி உனக்கு இருபத்தொரு நாள் மிச்சம் இருந்தது. டீம் மேனேஜர் மேடத்துக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான், காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண் பதினெட்டுக்குள் என்றால் யார் நம்புவார்கள்? எங்க அம்மாவைக் கேளுங்கள் என்று நீ என் நம்பரைக் கொடுத்தாய். அவ்வளவு நம்பிக்கை.

நான் சாப்பாட்டு பிரேக்கில் லாக்கர் பக்கத்தில் நின்றிருந்தேன். மேடம் போன் செய்து தமிழில்தான் கேட்டார், எந்தத் தேதி சரி என்று. போன வருஷம் வயதில் மாட்டிய கபடிப் பெண் ஒருத்தியை இரண்டு வருஷம் ஆடக்கூடாது என்று நிறுத்திவைத்தது ஞாபகம் வந்தது. அவள் வயதைக் குறைத்தவள், நாம் கூட்டியவர்கள் என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை. தேதியில் கை வைத்தது தெரிந்தால் உன்னையும் தடை பண்ணிவிடுவார்கள் என்று பயந்தேன். 'ஸ்கூல்ல கீற தேதிதான் மேடம் கரீட்டு, அவ ஏதோ தப்பா எழுதிட்டா' என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அது பாதிதான் நிஜம். பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று என்மேல் கேஸ் வந்தால் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. அப்பா கேட்டுவிட்டு, 'பெத்த பொண்ணைப் பொய்க்காரின்னு சொல்லிக்கீறியே மரகதம்' என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம்.

நேற்று நானே மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சான்றிதழைத் துணிப்பெட்டியின் அடியிலிருந்து எடுத்துப் போட்டோவும் அனுப்பினேன். 'நான் கேட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் கடிதம் எழுதி முயற்சி செய்திருப்பேன் அம்மா, போட்டி நடத்துபவர்களுக்குப் பெயர்கள் போய் நாலு நாளாகிவிட்டது' என்றார் மேடம். அடுத்த வருஷம் என்று கேட்டேன். அடுத்த வருஷம் எந்தத் தேதிப்படியும் உனக்கு வயது தாண்டிவிடும் என்றார். அது எனக்கும் தெரியும், தெரிந்தும் கேட்டேன்.

பெரியவர்கள் அணி இருக்கிறது, இதோடு எதுவும் முடியவில்லை என்று மேடம் ஆறுதல் சொன்னார். அதை நான் உனக்குச் சொல்ல மாட்டேன். இழந்தவளுக்கு ஆறுதல் சொல்ல, பிடுங்கியவளுக்கு வாய் கிடையாது.

இரண்டு விஷயம் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை ரஞ்சனியிடம் கொடு. எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அவள் எழுந்து நின்று ஹிந்தியில் சொல்லட்டும். பூசி மெழுக வேண்டாம். கலைமதி சொன்னதுதான் உண்மை, பொய் சொன்னது அவள் அம்மா மரகதம் என்று என் பெயரைச் சொல்லியே சொல்லட்டும். எனக்கு வெட்கம் வரும் என்று பார்க்காதே.

இன்னொன்று. கேம்ப் முடிந்ததும் நேராக ஹாஸ்டலுக்குப் போகப்போவதாக ரஞ்சனி சொன்னாள். அப்படிச் செய்யாதே கண்ணு. குன்றத்தூர் முருகன் உனக்குத் துணையிருப்பான், நீ நன்றாக இருக்க வேண்டும். என்னை மன்னிக்க வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வந்து, என் கண் முன்னால் இருந்துகொண்டு பேசாமல் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
மரகதம்.