டிரம்மின் உள்ளளவு

மார்ச் 4, செவ்வாய்

மச்சானின் பிக்கப் வண்டியில் பின் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. மெக்கானிக் எதற்கு, நானே மாற்றித் தருகிறேன் என்று மார்தட்டிவிட்டேன். வலது பின்சக்கரத்தில் பிரேக்கை மூடியிருக்கும் இரும்பு டிரம் துருவேறிக் கழலவே மாட்டேன் என்றது. கழற்றாமலே அளந்துவிடலாம் என்றேன். மனைவி தன் தையல் டேப்போடு வந்தாள். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவள் பார்த்தாள். "பதினோரு இஞ்ச்." அந்த அளவிலேயே, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூவுக்குக் கடையில் சொல்லியாயிற்று. எனக்குத் தெரியாத வண்டியா!

மார்ச் 8, சனி

ஷூ வந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி ஒருவழியாக டிரம்மைக் கழற்றினோம். புது ஷூவை மாட்டினால் டிரம் அதன்மேல் ஏறவே இல்லை. மச்சான் பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கு மானம் போயிற்று. அவள் பக்கம் திரும்பினேன்.

"ஒரு டேப்பப் பாத்துப் படிக்கத் தெரியாதா? நீயெல்லாம் என்ன டெய்லர்?"

"சரியாத்தான் பாத்தேன்னு நெனச்சேன்" என்றாள். மச்சானும், "டேப்பத் தலைகீழாப் புடிச்சிருப்பா" என்று சிரித்தார்.

அதே நாள், மாலை

யாரும் இல்லாதபோது டிரம்மை நானே அளந்தேன். வெளிவட்டம் பதினொன்று. அவள் சொன்னது சொன்னபடி. உள்வட்டம் பத்து.

ஷூ உட்காருவது உள்ளே. அய்யோ, உள்ளே அல்லவா அளந்திருக்க வேண்டும்! டேப்பை வெளியே பிடித்தது யார்? நான்தானே?

மார்ச் 10

கடைக்குப் போன் செய்து பத்து இஞ்சுக்கு மாற்றச் சொன்னேன். மச்சான் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "நல்லவேளை, நீங்க மறுபடி அளந்தீங்க மாப்ளே." தலையாட்டினேன். ஆட்டினேனே, வெட்கமில்லாமல்!

மார்ச் 12

பக்கத்து வீட்டுப் பெண் சட்டை தைக்கக் கொடுக்க வந்திருந்தாள். மனைவி அவளுடைய தோளை இரண்டு தடவை அளந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "இது பதினாலுதானே? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே கேட்டாள். டேப் பிடித்தே இத்தனை வருஷம் வேலை பார்த்தவள். சீ, நானும் ஒரு மனுஷனா?

மார்ச் 13

தப்பு என்னுடையதுதான் என்று காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன். தையல் மிஷின் நின்றது.

"எப்பத் தெரிஞ்சது?"

"அன்னிக்குச் சாயந்தரமே."

"திட்டினது அண்ணன் முன்னாடி. இத மட்டும் எங்கிட்டத் தனியா வந்து சொல்றீங்களா?"

மிஷின் மறுபடி ஓடியது.

மார்ச் 16, ஞாயிறு

மச்சானை அவள் எதிரிலேயே உட்காரவைத்துச் சொன்னேன். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தங்கையைப் பார்த்து, "நானும் உன்னக் கேலி பண்ணிட்டேனேம்மா" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து இஞ்ச் ஷூ கச்சிதமாக உட்கார்ந்தது. பிரேக் பிடிக்கிறது.

மாலையில் பக்கத்து வீட்டுப் பெண் தன் தங்கையைக் கூட்டிவந்தாள். மனைவி அந்தத் தோளில் டேப்பை வைத்தாள், ஒரே தடவை பார்த்தாள், எடுத்துவிட்டாள். நான் அங்கேயேதான் இருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை.