இரண்டு கரையும் என்ன முறை?

கோரைத்துறை, மேற்கரை
3-2-1974

கீழ்க்கரை ராக்கப்பன் அவர்களுக்கு,

மேற்கரை சின்னையன் மகள் நாச்சம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மூணாற்றுக் குளிரும் தேயிலைத் தொழிற்சாலையும் உங்களை எப்படி வைத்திருக்கின்றன?

இது சொந்தக் கடிதம் அல்ல, ஊர்க் காரியம். ஆற்றுப் பாலம் ஒருவழியாக முடிந்துவிட்டது. மே மாதம் உத்காடனம், அதுதான் திறப்பு விழா. அன்றைக்கு ஊர் வரலாற்றை ஒரு மலராக அச்சடித்துக் கொடுக்கப் போகிறார்கள். எழுதும் வேலையை ஹெட்மாஸ்டர் என் தலையில் கட்டிவிட்டார். எங்கள் கரைக் கதை உங்களுக்கே தெரியும். மாடு ஓட்டிக்கொண்டு வந்த அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கரையில் குடியேறினார்களாம். அதனால் இரு கரையாரும் பங்காளிகளாம். உங்கள் கரையில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.

ஆவணியில் உங்கள் அம்மா என்னைப் பெண் கேட்டு வந்தபோது அப்பா எடுத்து விட்டதும் இதே கதையைத்தான். "பங்காளி ஊட்டுல பொண்ணு எடுப்பாங்களா? அண்ணன் தங்கச்சி முறையாச்சுங்களே!" என்று சொல்லி, காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது.

இப்படிக்கு,
நாச்சம்மாள், ஆசிரியை


மூணாறு
15-2-1974

மரியாதைக்குரிய டீச்சரம்மாவுக்கு,

ஊர்க் காரியக் கடிதம் கிடைத்தது. மெஷின் பக்கத்தில் நின்றே படித்தேன். கூட வேலை செய்யும் அழகுமலை, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஊர்க் காரியத்துக்கு எவம்டே இப்படிப் பல்லக் காட்டுவான்?" என்றார்.

எங்கள் கரைக் கதை வேறு. எங்கள் பொங்கித் தாத்தா பொங்கியண்ணன் சொல்வார்: வந்தவர்கள் அண்ணன் தம்பி இல்லை, மாமன் மச்சான். ஒருவர் தங்கையை மற்றவர் கட்டியிருந்தார். பேரன் பேத்தி காலத்தில் பரிசல்துறை யாருக்கு என்று சண்டை வந்து இரண்டு கரையும் முகம் பார்க்காமல் இருந்ததாம். ஐம்பது வருஷத்துக்கு முன் வந்த தொண்ணூற்றொன்பதாம் வெள்ளத்தில் ஒருவரை ஒருவர் கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றிய பிறகு, "இனிமே அண்ணந் தம்பியாட்ட இருப்போம்" என்று கோயில் வாசலில் கைகொடுத்துக்கொண்டார்களாம். அந்த "ஆட்ட", அதாவது "போல" என்பது, நாளடைவில் மறந்து, அண்ணன் தம்பி என்பது மட்டும் நின்றுவிட்டது. இதை அவர் கண்ணால் பார்த்தவர்.

உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். தைரியம் இருந்தால்.

அன்புடன்,
ராக்கப்பன்


கோரைத்துறை
10-3-1974

அன்புள்ள உங்களுக்கு,

தைரியம் இருந்தது, சொன்னேன். "பொங்கியண்ணனா? சந்தைக்கு ஓட்டிட்டுப் போன கெழட்டு மாட்டுக்கே வயசக் கொறச்சுச் சொல்றவராச்சே!" என்று சிரித்துவிட்டார். வேலந்தாவளம் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும்போதே இறங்கி வராதவர் அப்பா. வாய்ப்பேச்சுக்கா இறங்குவார்?

இதில் ஒரு கெட்ட சேதியும் இருக்கிறது. முதலமடையில் மாந்தோப்பு உள்ள ஒரு வீட்டிலிருந்து என்னைக் கேட்டிருக்கிறார்கள். மாரியம்மன் நோன்பு முடியட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மலரும் நோன்பு முடிந்ததும்தான் அச்சுக்குப் போகிறது. அதில் பங்காளி என்று ஏறிவிட்டால் பிறகு யார் மாற்றுவது? அதுவும் என் கையாலேயே எழுதியதாக!

எனக்கு மாம்பழம் பிடிக்கும், மாந்தோப்பு வேண்டாம். நேராகவே எழுதிவிடுகிறேன். எனக்கு நீங்கள்தான் வேண்டும். இதைப் படித்துவிட்டு அழகுமலை அண்ணனிடம் காட்ட வேண்டாம்.

உங்கள்,
நாச்சம்மாள்


மூணாறு
22-3-1974

என் அன்பு நாச்சம்மாளுக்கு,

காட்டவில்லை. ஆனால் அன்று முழுக்க நான் பாடிக்கொண்டே வேலை செய்ததில் அவருக்கே தெரிந்துவிட்டது. என் பாட்டைக் கேட்டவர்கள் பாவம்.

சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். உன் அப்பா ஜெயித்தால் நான் உன்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, உன் கல்யாணத்துக்கு அண்ணன் முறையில் வந்து நிற்க வேண்டும். வெள்ளைக்காரன்கூட நம் ஊருக்கு இப்படி ஒரு கொடுமை செய்யவில்லை. சண்டை போட்டு உன்னைக் கூட்டிவர எனக்கு மனசில்லை. உன் அப்பா நல்ல மனிதர். அவர் வாயால் சரி என்று வர வேண்டும். வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நீதான் டீச்சர், நீயே யோசி.

உன்,
ராக்கப்பன்


கோரைத்துறை
26-4-1974

என் அன்புள்ளவருக்கு,

பொங்கித் தாத்தா போய்ச் சேர்ந்த தந்தி உங்களுக்குத் தாமதமாகத்தான் வந்ததாக உங்கள் அம்மா சொன்னார். வருத்தப்படாதீர்கள். தொண்ணூறைத் தாண்டியவர், காலையில் பழைய சோறு குடித்துவிட்டு, "பாலம் வந்துருச்சு, இனி நான் எதுக்கு?" என்று கேலி பேசிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவு. ஜமாப் மேளம் எங்கள் கரை வரைக்கும் கேட்டது.

அந்த நேரம் இங்கே கோயிலில் நோன்புக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. பூவோடு எடுப்பது, அதாவது நெருப்புச் சட்டி ஏந்துவது, இந்த வருஷம் அப்பாவின் முறை. விரதத்தில் இருந்ததால் அவர் எழவு வீட்டுக்குப் போகவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டு, புதுத்துணி வாங்கிக் கொடுத்து, "கோடி போட்டுட்டு வாடா" என்று அனுப்பினார். மறுநாள் பூசாரி வந்து, "கீழ்க்கரைல எழவுங்களே, நீங்க சட்டி எடுக்கலாங்களா?" என்று ஊர் நடுவில் கேட்டார். "நமக்கேதுப்பா தீட்டு? எடு சட்டிய!" என்றார் அப்பா. நெருப்பு ஏந்திக்கொண்டு அவர் ஆடி வந்ததைப் பார்த்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நோன்பு முடிந்து கறிச்சோறு போட்டபோது கேட்டேன்.

"அப்பா, பங்காளி ஊட்டுல எழவுன்னா எத்தன நாளு தீட்டுங்க?"

"மூணு நாளு. இது தெரியாதா டீச்சருக்கு?"

"அப்பறம் நீங்க எப்படிங்க பூவோடு எடுத்தீங்க?"

அம்மா அடுப்படியிலிருந்தே, "அது மட்டுமா? பங்காளிக்குப் பங்காளி கோடி போடுவானாக்கும்? மாமன் மச்சான்தான போடோணும்!" என்றார்.

"எப்பவும் அப்படித்தான செய்யறோம்?" என்றார் அப்பா, மெதுவாக.

"அதத்தானுங்க நானும் கேக்கறேன். எப்பவும் எதுக்குங்க அப்படிச் செய்யறோம்?"

எழுந்து கை கழுவிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். அவருக்கு இரண்டே வழி. பங்காளி என்றால் தீட்டோடு அம்மன் நெருப்பைத் தொட்டவர் ஆகிறார். இல்லை என்றால் நாம் ஜெயித்தோம். தாத்தா சொல்லி நம்பாததைச் செத்துக் காட்டிவிட்டார், பாருங்கள். அப்பாவை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. இன்று காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பரிசலேறி உங்கள் கரைக்குப் போயிருக்கிறார். வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
நாச்சம்மாள்


கோரைத்துறை, மேற்கரை
1-5-1974

கீழ்க்கரை ராக்கப்பனுக்குச் சின்னையன் எழுதுவது.

நீ சுகமா? நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறாள், ஆனால் இதை அவளிடம் காட்டப் போவதில்லை.

ஆற்றைத் தாண்டி உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வாசலில் நின்று, "வாங்கண்ணா" என்றார். எனக்குத் தெரிந்த நாளாய் அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார். பங்காளி வீட்டு மருமகள் என்னை எதற்காக அண்ணா என்று கூப்பிட வேண்டும்? இத்தனை வருஷம் அந்த வார்த்தைக்கு நானும் "ஏம்மா" என்று பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்றைக்குக் காபி கொடுத்து அனுப்பினேனே, அன்றைக்கும் அண்ணா என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது, மாமன் மச்சான் மேல் மட்டும் ஊற்றும் மஞ்சள் நீராட்டில் மிச்சம் என்று உங்கள் கரைப் பெண்கள் ஒரு குடத்தை என் தலையில் கவிழ்த்தார்கள். அதற்கும் நான் கோபப்படவில்லை. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன்.

முதலமடைக்காரர்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி ஆள் விட்டாயிற்று. உத்காடனத்துக்கு லீவு போட்டு வந்துவிடுங்கள். அன்றைக்கு யாரும் பரிசலில் ஏறக் கூடாது. உங்கள் வீட்டார் எல்லோரும் பாலத்தின் மேலேயே நடந்து வாங்க. சாப்பாடு நம் வீட்டில்தான். உங்களுக்குக் காரம் ஆகாது என்று நாச்சா சொல்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மலரில் என்ன முறை என்று அடிப்பது, அச்சாபீசில் காத்திருக்கிறார்கள் என்று ஹெட்மாஸ்டர் காலையிலிருந்து இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். உங்களுக்குச் சொல்லாமல் அவருக்குச் சொல்வது நியாயமில்லை என்று, வந்த ஆளை உட்கார வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்,
சின்னையன்