உருக்கக் கொடுத்த காப்பு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பல்கனியில் துணி காயவில்லை. வாங்க: நகை வேலைக்கு வெங்காரம், வாள் அலகு ஒரு டசின், காஸ்; வீட்டுக்குப் பாண்.

மிஸிஸ் பாலாவின் காப்புச் சோடியில் ஒன்றை உருக்கினேன். பம்பலப்பிட்டிக்காரி. அவருடைய அம்மா சீதனமாகக் கொடுத்தது. மகளுக்குத் தோடும் சங்கிலியும் வேண்டுமாம். "அக்காவுக்கும் எனக்கும் ஒரே மாதிரித்தான் அம்மா செய்விச்சவ." கொண்டுவந்த அன்றைக்கே மூன்று தரம் சொல்லிவிட்டார்.

உருக்கும்போது கரும்புகை. அழுக்கென்று நினைத்தேன். ஆறியபின் நிறுத்தால், பன்னிரண்டு கிராம் எட்டரையாகிவிட்டது. காப்பு உள்ளே கோறை, வெறுங்கூடு; அதற்குள் அரக்கு நிரப்பியிருக்கிறார்கள். என் பிழை: வாங்கும்போது அவர் முன்னால் வெட்டிப் பார்க்காமல் ரசீதில் முழு நிறையையும் எழுதியது. மூன்று வருஷமாக இதே வேலை, இந்தப் புத்தி இல்லை.

அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அரக்கோ? அம்மா தந்தது சுத்தப் பவுண். நீங்கள் என்னத்தையோ மறைக்கிறியள்." வைத்துவிட்டார்.

ஜூன் 6, வெள்ளி

கோயில். செருப்புக் கழற்றும் இடத்தில் இரண்டு பெண்கள், என்னைக் கவனிக்கவில்லை.

"வெள்ளவத்தையில பழைய நகை உருக்கிச் செய்யிறாவே, அவவிட்டக் குடுத்துப் போடாதேங்கோ. மிஸிஸ் பாலான்ர காப்பில மூண்டரை கிராம் எடுத்துப்போட்டா."

"படிச்ச மனிசி எல்லோ!"

"படிச்சவைதான் வடிவாக் களவெடுப்பினம்."

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருபத்தாறு வருஷம் ஒடிற் வேலை, கம்பனிக் கணக்குகளைச் சரிபார்ப்பது. ஒரு சதம் பிசகினாலும் விடாதவள். அதை விட்டுவிட்டு ஐம்பத்திரண்டு வயதில் விரலைச் சுட்டுச் சுட்டுப் பழகினேன். உடைந்த கொலுசு, ஒற்றைத் தோடு, நெளிந்த வெள்ளிக் கிண்ணம், ஆட்கள் தருவதையெல்லாம் உருக்கிப் புதுசாக்கிக் கொடுத்தேன். களவெடுக்கவா? சாமி கும்பிட்டேனா என்பதே ஞாபகமில்லை.

வீட்டில் இவர், சோற்றைப் பிசைந்தபடி: "இஞ்சரும், மூண்டரை கிராமைக் கடையில வாங்கிக் குடுத்து விடுமன். வாயை மூடிடுவினம்."

கொடுத்தால் எடுத்தேன் என்று ஆகாதா? இந்த மனுஷனுக்கு ரசம் ஊற்றவில்லை. எழும்பிப் போய்த் தானே ஊற்றிக்கொண்டார்.

ஜூன் 7, சனி

இரண்டு பேர் தந்த நகை ஓடரை வேண்டாமென்று மெசேஜ். ஒன்றில் கும்பிடுகிற கைப்படம் வேறு.

மிஸிஸ் பாலாவுக்கு அனுப்பினேன்: "மற்றக் காப்பு அப்படியே இருக்கு. நாளைக்கு வாங்கோ, உங்கட கண்ணுக்கு முன்னால அறுக்கிறன். அரக்கு இல்லாட்டி மூண்டரை கிராமையும் தந்து, இந்த வேலையையும் விடுறன்."

அனுப்பியபின் பயம். ஒன்று கோறையாகவும் மற்றது முழுசாகவும் இருந்துவிட்டால்?

ஜூன் 8, ஞாயிறு

வந்தார். தேத்தண்ணி வேண்டாமாம். நிறுத்துக் காட்டிவிட்டு அறுத்தேன். கடதாசி போல மெல்லிய பொன், உள்ளே கறுப்பு. நெருப்புக் காட்டியதும் அரக்கு உருகி மேசையில் சொட்டியது.

"பார்த்தியளோ!" என்று கத்துவதற்கு விடியற்காலையிலிருந்து ஒத்திகை. வாயைத் திறந்தேன்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"அக்கா தன்ர காப்பை விக்கேக்க நான் பக்கத்தில நிண்டனான். கடைக்காரர் வெட்டிப் பார்த்தவர். உள்ளுக்கும் பவுண்தான்."

அறுத்த துண்டுகளைத் தட்டில் சேர்த்து வைத்தேன்.

பிறகு, அந்த அரக்கைத் தாளில் சுற்றித் தரச் சொன்னார். கொடுத்தேன். கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தார். மன்னிப்பு இல்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பினார்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அம்மான்ர பேர் கெட்டுப்போகும்."

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

அப்போ என் பேர்?