கட்டில் கம்பியில் நீ தட்டிய பாட்டு

கூட்டாளி,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் நம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் அடுப்படியிலிருந்து அப்பளம் பொரியும் வாசம் வந்தது. சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் என் விரல்கள் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டன. டக் டக் டக், கொஞ்சம் நிறுத்தி, டக் டக். நீ கடைசியாகத் தட்டியது. அது என்ன பாட்டு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதம்மா என்கிறேன்.

இந்த விளையாட்டை ஆரம்பித்தவன் நீதான். கிள்ளான் பக்கம் மேருவில் தொழிற்சாலைச் சரக்கை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவோம். நீ லோரி ஓட்டுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்து சரக்கை இறக்குவேன். ரேடியோ கெட்டுப்போன லோரி அது. சாலை நெரிசலில் வண்டி நின்றால் போதும், ஸ்டீயரிங்கில் தாளம் தட்டி, "என்ன பாட்டு, சொல்லு பாப்போம்" என்பாய். படத்தின் பெயர், பாடியவர் பெயர் எதுவும் எனக்கு மனதில் நிற்காது. அதனால் நாமே பெயர் வைத்தோம். ரயில் பாட்டு, மழைப் பாட்டு, மாமியார் சண்டைப் பாட்டு. அந்தப் பெயர்கள் உலகத்தில் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

வேலையை விட்ட பிறகும் விளையாட்டை விடவில்லை. ஞாயிறு காலை கிள்ளானில் ரயில் ஏறி, சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்து இந்தக் கடையில் சாப்பாடு. ரசம் வருவதற்குள் ஒரு பாட்டாவது தட்டியாக வேண்டும். தோற்றவன் தன் அப்பளத்தை ஜெயித்தவன் இலையில் வைத்துவிட வேண்டும்.

"மழைப் பாட்டு!"

"மண்ணாங்கட்டி. மழைப் பாட்டுல அந்த எடத்துல மூச்சு விடுவான்லா. இது ரயில். எடு அப்பளத்த."

"டேய், நீ தட்டுனதே தப்புடா!"

"தட்டுனவன் நான். நான் சொல்றதுதான் பாட்டு. வைடா."

பரிமாறும் அம்மாள் தலையில் அடித்துக்கொள்வார். "அண்ணே, ஊருக்கே அப்பளம் பொரிச்சு வச்சிருக்கேன். இன்னொண்ணு போட்டா போச்சு. எதுக்கு இந்தச் சண்ட?"

நீ கையை விரித்து இலையை மறைத்துக்கொள்வாய். "வேணாம் தங்கச்சி. அது சும்மா அப்பளம். இவன் அப்பளத்துலதான் ருசி."

வெயில் இறங்கினால் பாட்டு தேடிக் கிளம்புவோம். புடவைக் கடை, பூக்கடை, பலகாரக் கடை என்று வரிசையாக ஸ்பீக்கர் அலறும். அந்தச் சத்தத்துக்குள்ளே எந்த மாடிக் கடையில் மனுஷன் உட்கார்ந்து வாசிக்கிறான் என்று நடைபாதையில் நின்றபடி காது கொடுத்துக் கேட்போம். "ஸ்பீக்கர் இருமாதுடா. எங்க இருமல் கேக்குதோ அந்த மாடிக்கு ஏறு" என்பாய். அங்கே உனக்கு ஒரு பீர், எனக்கு நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக். மேடையில் தபேலாக்காரர் முதல் தட்டு தட்டியதும் இரண்டு பேரும் ஒன்றாகப் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரிப்போம். பக்கத்து மேசைக்காரர்களுக்கு ஒன்றும் புரியாது. ரயிலாம், மாமியாராம்.

பிறகு உனக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த கோலத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உன் இடது கை கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. டக் டக் டக், நிறுத்தி, டக் டக். திரும்பினேன். உன் கண் நேராக என் மேல் இருந்தது. ஸ்டீயரிங்கில் தட்டிவிட்டு என்னைப் பார்ப்பாயே, அதே பார்வை.

"ரயிலா?" என்றேன். நீ திரும்பவும் தட்டினாய். "மழையா? மாமியாரா? டேய், லோரி வித்த அன்னிக்கு நீ பாடுனியே, அதுவா?"

உன் மகள் என் தோளைத் தொட்டாள். "அங்கிள், அது நரம்பு இழுக்குது. டாக்டர் சொன்னாரு. அப்பா வேணும்னு செய்யல."

"இல்லம்மா. கேக்குறாம்மா. பாட்டு கேக்குறான்."

"சரி அங்கிள்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாள். எனக்குத் தெரிந்த எல்லாப் பாட்டையும் சொன்னேன். சிலதைப் பாடியும் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். ஒன்றுக்கும் தலை அசையவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டாய். கை மட்டும் தட்டியது. அடுத்த முறை போனபோது அதுவும் இல்லை.

வலிக்கு மருந்து கொடுக்க டாக்டர் இருந்தார். வாய் துடைத்துவிட மகள் இருந்தாள். அந்தத் தாளத்தைப் படிக்க என்னைத் தவிர யார் இருந்தார்கள்? உனக்கு அதுவும் தெரியும். அதனால்தான் என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினாய்.

நீ போன பிறகு பாட்டு நடக்கும் இடம் எதையும் நான் விடுவதில்லை. கிள்ளானில் கோயில் மேளம் என்றால் தவில்காரர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். பங்சாரில் பிள்ளைகள் கிட்டார் வைத்துப் பாடும் கடைக்குக்கூடப் போனேன். "அங்கிள், உள்ள ஏர்கோன் குளிரும்" என்று ஒரு பெண் சிரித்தாள். ஒரு பானம் வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் இல்லை.

நம் மாடிக் கடையின் தபேலாக்காரரிடமும் கேட்டேன். தட்டிக் காட்டியதும் அவர் கண்ணை மூடித் தொடையில் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல நூறு பாட்டு வரும்."

"எனக்கு ஒண்ணு போதும் தம்பி."

"பாட்டுல ரெண்டு வரி தெரிஞ்சாக்கூட புடிச்சிருவேன். தாளத்த மட்டும் வச்சு எப்படிண்ணே சொல்றது?"

அவர் தெரிந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினார், பாவம். அதுதான் வினை. எல்லாமே சரியாகப் பொருந்தியது. ஒவ்வொன்றுக்கும் இதுதான் என்று நெஞ்சு துள்ளியது. நீ எதிரில் இருந்தால் ஒரு தலையாட்டலில் முடிந்திருக்கும்.

சில நாள் உன் மகள் சொன்னதுதான் உண்மையோ என்று தோன்றும். வெறும் நரம்புதானோ? அப்படியென்றால் நான் தோற்கவில்லை. ஆனால் நீ என்னைக் கூப்பிடவும் இல்லை. அது தோற்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நேற்று அந்த அம்மாள் என் இலையில் சோறு போட்டு, அப்பளத்தை வைத்துவிட்டு, "தெரிஞ்சுதாண்ணே?" என்றார். இப்போதெல்லாம் அவர் கேட்பது அது ஒன்றுதான். இல்லையென்று தலையாட்டினேன். அப்பளத்தை எடுத்து எதிர்ப்பக்கம் வைத்தேன். அவர் சின்னதாக ஓர் இலை நறுக்கிக்கொண்டு வந்து அதன் அடியில் செருகினார்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் வேலை முடிந்து வரும் ஒரு பெண். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள்.

"அங்கிள், கை நடுங்குதா? தண்ணி வேணுமா?"

குனிந்து பார்த்தேன். முழங்காலில் என் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. டக் டக் டக், நிறுத்தி, டக் டக்.

"நடுக்கம் இல்லம்மா. பாட்டு."

அவள் முகம் மலர்ந்தது. "அட! என்ன பாட்டு அங்கிள்?"

வாயைத் திறந்தேன், கூட்டாளி. கிள்ளான் வந்துவிட்டது.