பதினொன்றாவது ஆள்

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒருவருக்கு இடக்கண் லென்ஸை வலக்கண்ணில் பொருத்திவிட்டேன். முதலாளி திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா நினைப்பில் குஷியாக இருக்கிறார். கடை ஆட்களும் குடும்பமுமாகப் பத்துப் பேர். இந்த ஊரில் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத இடங்கள், தோட்டங்கள் எல்லாம் ஒரே நாளில். தலை எண்ணும் வேலை எனக்கு. பதினொன்றாவதாக அண்ணியைச் சேர்த்தேன்.

அண்ணி, என் கணவருடைய அக்கா. அண்ணியின் கணவர் இறந்து ஐந்து மாதம். எங்களோடு வந்து இருபது நாள். எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி. "அக்கா வரமாட்டா, விடு" என்றார் இவர். ஆனால் நான் கேட்டதும் "வர்றேன்" என்றார். தெருமுனைக் கடைக்குக்கூட வராதவர்!

மார்ச் 7, சனி

அண்ணியின் நல்ல துணிகளெல்லாம் என் அலமாரியில். "உனக்கு நல்லா இருக்கும், வச்சுக்கோ."

மார்ச் 8, ஞாயிறு

எழுத்து கோணுகிறது.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சந்தில் பின்னோக்கி ஓடும் கடிகாரம். கை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும் ஒரு வீடு; அதன் மாடிப்படியில் எங்கள் விற்பனையாளர் தொப்பை சிக்கி நின்றதில் எல்லோருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்தது நச்சுச் செடித் தோட்டம். செடிக்குச் செடி பலகை. மற்றவர்கள் படமெடுத்துவிட்டு நகர்ந்தார்கள். அண்ணி ஒரு பலகை விடாமல் நின்று படித்தார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அதற்கடுத்து, பூங்காவுக்கு அடியில் இருக்கும் பழைய தண்ணீர்த் தொட்டி. நாற்பது படி இறங்க வேண்டும். தூண்கள், இருட்டு, நடைபாதைக்குக் கீழே தண்ணீர். மேலே வந்து எண்ணினேன். பதினொன்று. காவலாளி கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கள்ளிச்செடிகள் வைத்த கண்ணாடிக் கூடத்தில்தான் பார்த்தேன், தொப்பி போட்ட ஒரு மனிதர் எங்களோடு நிற்கிறார். யாரென்று கேட்டேன். "சும்மா வேடிக்கை பார்க்கத் தொட்டியிலேர்ந்தே பின்னாடி வந்தேங்க."

அப்படியானால் நாங்கள் பத்துப் பேர்தான்.

ஓடினேன். புல்தரையில் தொட்டிக்கு ஒரு காற்றுத் துளை இருந்தது. குப்புற விழுந்து "அண்ணி! அண்ணி!" என்று கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. முதலாளி காவலாளியைத் தேடிப் பிடித்துவர முக்கால் மணி நேரம். ஐயோ, என்னென்ன நினைச்சேன். நான்தானே கூட்டிட்டுப் போனேன். நான்தானே எண்ணினேன்...

கதவு திறந்தபோது கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை ஈரம். "தூணுக்குப் பின்னால நின்னுட்டேன், கவனிக்கல" என்றார். எல்லோரும் நம்பினார்கள்.

மார்ச் 9, திங்கள்

துணி மடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, "நீ கூப்பிட்டது கேட்டுச்சு" என்றார்.

"அப்புறம் ஏன் அண்ணி பதில் சொல்லல?"

"தண்ணி முழங்கால் அளவுதான் இருந்துச்சு."

நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. ஆனால் புரிந்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். "அக்கா அப்படிப்பட்டவ இல்ல. நீயா எதையாவது கிளப்பாத."

மார்ச் 10, செவ்வாய்

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். துருப்பிடித்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

மார்ச் 12, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. கேட்டால் நானே அந்த நினைப்பை எடுத்துக் கொடுத்ததாகுமோ? கேட்காமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? கேட்டேவிட்டேன்.

"அண்ணி, செத்துப்போகணும்னு தோணுதா?"

"தோணுது. சாப்பிட்டியா, தூங்கினியான்னு எல்லாரும் கேட்டீங்க. இதை யாரும் கேக்கல."

பிறகு அழுதார். கணவர் இறந்த அன்றுகூட அழாதவர். இவர் அறை வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முகம் வெளிறிக் கிடந்தது. மாலையே மூவரும் மருத்துவரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார், வாரம் ஒரு நாள் பேச வரச் சொன்னார். தனியே விடாதீர்கள் என்றார்.

மார்ச் 20, வெள்ளி

பக்கத்தில் படுத்துக்கொண்டு அவர் மூச்சை எண்ணுகிறேன். இந்த எண்ணிக்கையாவது தப்பக் கூடாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று அண்ணியோடு பெரிய சண்டை. தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வரலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போனேன், தெருத் திருப்பத்தில் பிடித்துவிட்டார். "நான் என்ன கைக்குழந்தையா? வீட்டுக்குப் போ! ஆறு மணிக்கு வந்துடுவேன்." தெருவே திரும்பிப் பார்த்தது.

ஆறாயிற்று. ஆறு பத்து. மாடியில் நின்றேன், கீழே இறங்கினேன், மறுபடி ஏறினேன். ஆறு இருபதுக்கு வந்தார், காலில் புதுச் செருப்பு.

"நாலு கடை ஏறி இறங்கினேன், அதான் நேரமாயிடுச்சு. கண்டதை வாங்க முடியுமா? செருப்புன்னா ரெண்டு வருஷமாவது உழைக்க வேண்டாமா?"